மாரடைப்பும் மருத்துவ அறிக்கையும்

(பெங்களூரு மர்பி டவுனில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இதய மருத்துவரைப் பேசக் கூப்பிட்டால் எண்ணெயைக் குறை, தினமும் நட, பீடியை விடு என்பார் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதையெல்லாம் வீட்டில் மருமகள்களே சொல்லிக்கொண்டிருப்பார்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. மாரடைப்பு வந்து, ஒருவர் இறந்தோ பிழைத்தோ, பல மாதங்கள் கழித்து அந்தக் குடும்பம் ஒரு காகிதத்துக்காக அலைகிறதே, அந்தக் காகிதம். "டாக்டர், கோர்ட்டுக்குக் கொடுக்க ஒரு ரிப்போர்ட் வேணும்" என்று வந்து நிற்கிறவர்களை இந்தப் பக்கத்தில் நிறையப் பார்க்கிறேன்.

அதற்குக் காரணமும் இருக்கிறது. நாக்ஸ்பேட்டை என்று வழங்கி, பிறகு கன்டோன்மென்ட் காலத்துப் பொறியாளர் மர்பியின் பெயரைப் பெற்ற இந்த இடம் உழைப்பாளிகளின் இடம். அலசூர் ஏரிக்குப் பக்கத்திலேயே மெட்ராஸ் சாப்பர்ஸ் முகாம். 1780-இல் தோன்றிய படை, அதன் வீரனை ராணுவம் முழுவதும் 'தம்பி' என்றே அழைக்கும். பழைய மெட்ராஸ் ரோட்டில் மேலே போனால் ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலை. தெற்கே எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை. லாரி, டாக்ஸி ஓட்டுகிறவர்களும் இங்கே ஏராளம். ஆகவே ஓய்வூதியம், தொழிலாளர் இழப்பீடு, காப்பீட்டுப் பணம், ஆஸ்பத்திரி மீது புகார் என்று நால்வகை வழக்கும் இந்தத் தெருக்களிலிருந்து கிளம்புகின்றன. நான்கிலும் கேள்வி இதயத்தைப் பற்றியது. பதில் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

அந்தப் பதிலின் மதிப்பு எதில் இருக்கிறது? பட்டங்களின் நீளத்தில் இல்லை. முடிவு நமக்குச் சாதகமாக இருப்பதிலும் இல்லை. 'ஏனென்றால்' என்று தொடங்கும் வாக்கியத்தில் இருக்கிறது. விடையை மட்டும் எழுதி வழிமுறையை எழுதாத கணக்குத் தாளுக்கு ஆசிரியர் மதிப்பெண் போடுவதில்லை, நீதிமன்றமும் அப்படித்தான். இதை நான் சொல்லவில்லை, உச்ச நீதிமன்றம் பல தடவை சொல்லியிருக்கிறது. அந்த வழக்குகளில் சிலவற்றைப் பார்ப்போம்.

மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒருவருக்கு நெஞ்சிலும் தோளிலும் வலி. வண்டியிலிருந்து விழுந்தார், இறந்துபோனார். எல்.ஐ.சி. பாலிசியின் அடிப்படைத் தொகையைக் கொடுத்தது. விபத்து மரணத்துக்கான கூடுதல் தொகையை மறுத்தது. மனைவி வழக்குப் போட்டார். எல்.ஐ.சி. மறுத்தது சரியே என்று 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. விழுந்ததால் காயம் ஏற்பட்டு அதனால் மாரடைப்பு வந்தது என்று காட்ட எந்தச் சான்றும் இல்லை என்பது காரணம். மரணம் எதிர்பாராததாக இருந்தால் மட்டும் போதாது, மரணத்தை உண்டாக்கியதே விபத்தாக இருக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை.

இன்னொருவர் லாரி டிரைவர். டெல்லியிலிருந்து 1,152 கிலோமீட்டர் ஓட்டி வந்திருக்கிறார். வழியில் உடம்புக்கு என்னவோ செய்ய, வண்டியை ஓரமாக நிறுத்துகிறார், மயங்கி விழுகிறார், ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்று சொல்லிவிடுகிறார்கள். இங்கே 2012 டிசம்பரில் அதே உச்ச நீதிமன்றம் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்றது. நீண்ட தூரம் ஓட்டிய களைப்பும் அழுத்தமும் அந்த மாரடைப்பைத் துரிதப்படுத்தியிருக்கும் என்று ஏற்றது. ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஒரு வண்டியின் கிளீனர் இறந்த வழக்கில், வேலைப் பளுவுக்கும் இதயத்துக்கும் தொடர்பு காட்டும் சான்று இல்லை என்று இழப்பீடு மறுக்கப்பட்டது.

மூன்றிலும் நோய் ஒன்றுதான். பிணப் பரிசோதனை செய்யும் மருத்துவர் மூன்று இதயங்களையும் மேசை மேல் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் சொல்லிவிட முடியாது. சட்டம் கேட்ட கேள்விதான் வேறு வேறு. பாலிசி கேட்டது, விழுந்தது முதலா வலி முதலா? தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் கேட்டது, வேலை இந்த மரணத்துக்கு ஒரு காரணமாக இருந்ததா? மருத்துவரிடம் போகும் குடும்பமும் வழக்கறிஞரும் இந்தக் கேள்வியை எழுதிக் கொடுப்பதே இல்லை. 'மாரடைப்பு என்று சர்டிபிகேட் கொடுங்கள்' என்கிறார்கள். அவரும் கொடுத்துவிடுகிறார். கேட்கப்படாத கேள்விக்குப் பதில் எப்படி வரும்? அந்த டிரைவர் கடைசியாக எப்போது தூங்கினார், எத்தனை மணி நேரம் ஓட்டினார், வலி எப்போது தொடங்கியது, முன்பே ரத்த அழுத்தம் இருந்ததா, இவற்றை வைத்துக்கொண்டு தூக்கமின்மையும் உடல் உழைப்பும் ஏற்கெனவே கொழுப்புப் படிந்த ரத்தக் குழாயை என்ன செய்யும் என்று இரண்டு பத்தி எழுத இதய மருத்துவரால் முடியும். அந்த இரண்டு பத்திதான் வழக்கு.

சாப்பர்ஸ் குடும்பங்களுக்கு இது இன்னும் நெருங்கிய விஷயம். பணியில் இருக்கும்போது இதய நோய் வந்தால், அது ராணுவப் பணியால் வந்ததா, பணியால் மோசமானதா, இரண்டும் இல்லையா என்று மருத்துவ வாரியம் எழுதும். 'இரண்டும் இல்லை' என்று ஒரு வரி விழுந்தால் ஊன ஓய்வூதியம் போச்சு. அந்த ஒரு வரியோடு எத்தனை சுபேதார்கள் வீட்டுக்கு வந்து ஃபைலை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள்! 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு முடிவு சொன்னது. அது இதய நோய் வழக்கு இல்லை, வலிப்பு நோய் வழக்கு. ஆனால் விதி எல்லாருக்கும் பொருந்தும். படையில் சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் அவர் நலமாகவே சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். வேறு விதமாகச் சொல்லும் வாரியம் காரணத்தை எழுத வேண்டும். மெய்ப்பிக்கும் சுமை வீரர் மேல் இல்லை. ஐயத்தின் பலன் அவருக்கே. 2023-இல் ஓய்வூதியத் தகுதி விதிகளைப் புதிதாக எழுதியிருக்கிறார்கள். அதனால் எந்தத் தேதியில் பணியிலிருந்து வந்தவர் என்பதை வழக்கறிஞரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மாரடைப்பு விஷயத்தில் வாரியம் பார்ப்பது நோய் வருவதற்கு முந்தைய பதினான்கு நாட்களின் பணி விவரம். எல்லையில் நின்றாரா, உயரமான மலையில் இருந்தாரா, அலுவலக நாற்காலியில் இருந்தாரா என்பது அதில் வரும். அந்தத் தாள் ஃபைலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெளி மருத்துவரிடம் கருத்துக் கேட்க வேண்டும். அது இல்லாமல் எந்த மருத்துவர் என்ன எழுதினாலும் ஊகம்தான்.

காப்பீட்டைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. அங்கே பணத்தைத் தட்டிப் பறிப்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரியின் முதல் தாளில் இருக்கும் ஒரே வரி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவரோடு அக்காள் மகன் வருகிறான். டியூட்டி டாக்டர் கேட்கிறார், சுகர் இருக்கா, பி.பி. இருக்கா? அவன் பதற்றத்தில் "ரொம்ப வருஷமா இருக்கு சார்" என்கிறான். தாளில் 'பத்து வருட ரத்த அழுத்தம்' என்று ஏறிவிடுகிறது. மாமாவுக்கு பி.பி. தெரிய வந்தது போன வருடம். காப்பீட்டு நிறுவனம் அந்த வரியைத்தான் பிடித்துக்கொள்ளும். டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே அதைத் திருத்தச் சொல்லிக் கேளுங்கள். 2015-இல் ஒரு வழக்கு: முதுகுத் தண்டு நோயை மறைத்தார் என்று சொல்லி, மாரடைப்பில் இறந்தவரின் ஆயுள் காப்பீட்டை மறுத்தார்கள். மறைத்த நோய்க்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று உச்ச நீதிமன்றம் தொகையைக் கொடுக்கச் சொன்னது. 2021 டிசம்பரில் இன்னொன்று. அமெரிக்கப் பயணத்துக்குக் காப்பீடு எடுத்தவர் சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதுமே உடல் வியர்த்துத் தளர்ந்தார். மூன்று ஸ்டென்ட் வைத்தார்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுத்ததைச் சொல்லவில்லை என்று நிறுவனம் மறுத்தது. சர்க்கரை நோய் இருப்பதை அவர் சொல்லியிருந்தார். சர்க்கரை நோயாளிக்கு ஸ்டாட்டின் வழக்கமாகத் தருவதுதான் என்று நீதிமன்றம் அந்த மறுப்பைத் தள்ளியது. மருத்துவம் தெரிந்த ஒருவர் ஒரு பக்கத்தில் எழுதியிருந்தால் ஆரம்பத்திலேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

இனி, ஆஸ்பத்திரி மீதான வழக்கு. சிக்கல் அதிகம் இங்கேதான். அறிக்கை எழுதுகிறவர்கள் வழுக்கி விழுவதும் இங்கேதான்.

ரத்தக் குழாய் முழுவதும் அடைபட்ட மாரடைப்பில் நேரம்தான் எல்லாம். நெஞ்சு வலியோடு வாசலுக்குள் வந்த பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியானால் அரை மணிக்குள், ஆஞ்சியோபிளாஸ்டியானால் ஒன்றரை மணிக்குள் என்பது உலகம் ஒப்புக்கொண்ட இலக்கு. முதல் ஈசிஜி சரியாக இருந்து அரை மணி கழித்து மாறுவதும் உண்டு. இதயத் தசையின் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தத்தில் ஏறவும் நேரம் பிடிக்கும். ஆகவே, ஒரு தடவை பார்த்தோம், சரியாக இருந்தது, கேஸ் டிரபிள் என்று அனுப்பினோம் என்பது முழுப் பதில் ஆகாது. வலி நிற்காதவருக்கு இரண்டாவது ஈசிஜி எடுத்தார்களா? நல்ல அறிக்கை அங்கிருந்துதான் தொடங்கும்.

நான் கேஸ் ஷீட்டைக் கையில் வாங்கினால் டாக்டர் எழுதியதைப் பிறகு படிப்பேன், நர்ஸ் எழுதியதை முதலில் படிப்பேன். டாக்டர்கள் நடந்து முடிந்த பிறகு சேர்த்து எழுதுகிறவர்கள். நர்ஸ் மணிக்கு மணி எழுதுகிறார். மருந்துக் கடை பில்லில் அச்சான நேரம், ஈசிஜி தாளின் ஓரத்தில் இயந்திரம் போட்ட நேரம், கேத் லேப் பதிவேடு, இவற்றை அடுத்தடுத்து வைத்தால் கதை தானே வெளியே வரும். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் அதுவும் கதைதான்.

சரி, தாமதம் நடந்தது என்று வைத்துக்கொள்வோம். வழக்கு வென்றதா? இல்லை. தாமதத்தால்தான் இறந்தாரா என்ற கேள்வி மிச்சம். இங்கே நான் குடும்பத்தாருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1988-இல் வெளிவந்த ஐசிஸ்–2 ஆய்வில் மாரடைப்பு என்று கருதப்பட்ட 17,187 பேர் இருந்தார்கள். ஆஸ்பிரின், கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசி இரண்டையும் பெற்றவர்களில் ஐந்து வாரத்தில் இறந்தவர்கள் நூற்றுக்கு 8 பேர். இரண்டும் பெறாதவர்களில் 13 பேர். மருத்துவ உலகைத் திருப்பிப் போட்ட ஆய்வு அது. ஆனால் வழக்கு மன்றக் கண்ணால் பாருங்கள்: ஊசி போடாதவர்களிலும் நூற்றுக்கு 87 பேர் பிழைத்தார்கள், போட்டவர்களிலும் 8 பேர் இறந்தார்கள். 'ஊசி போட்டிருந்தால் நிச்சயம் பிழைத்திருப்பார்' என்று எழுதும் நிபுணர் பொய் சொல்கிறார். 'போட்டிருந்தாலும் இறந்திருப்பார்' என்று ஆஸ்பத்திரிக்காக எழுதுகிறவரும் பொய்தான் சொல்கிறார். இந்த நோயாளிக்கு வயது இவ்வளவு, வலி தொடங்கி இத்தனை மணி நேரம் ஆகியிருந்தது, இதயத்தின் முன்சுவர் பாதிக்கப்பட்டிருந்தது, ரத்த அழுத்தம் இன்னும் விழவில்லை, ஆகவே வாய்ப்பு இந்த அளவுக்குக் குறைந்தது என்று எழுதுகிறவரே நிபுணர்.

வாசலுக்கு வெளியே போன நேரத்தையும் அவர் பிரித்துக் காட்ட வேண்டும். இதே பெங்களூரின் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஒருங்கிணைத்த கிரியேட் ஆய்வு 2008-இல் வந்தது. 89 மருத்துவமனைகள், 20,468 நோயாளிகள். வலி தொடங்கி ஆஸ்பத்திரி வந்து சேர ஆன நேரத்தின் நடு அளவு 360 நிமிடம். அதாவது பாதிப் பேர் ஆறு மணி நேரத்துக்கும் மேலாக வீட்டிலோ வழியிலோ இருந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குள் வந்து ஊசி போட ஆன நேரத்தின் நடு அளவு 50 நிமிடம். வீட்டில் சோடா குடித்துப் பார்த்த ஆறு மணி நேரத்தை ஆஸ்பத்திரியின் கணக்கில் எழுத முடியாது. உள்ளே வந்த பிறகு வீணான இரண்டு மணி நேரத்தை வீட்டின் கணக்கிலும் எழுத முடியாது.

மருத்துவர் தவறினாரா என்பதை அளக்கும் கோல் இங்கிலாந்தில் 1957-இல் பிறந்த போலம் வழக்கின் விதி. அதே துறையில் பொறுப்பான மருத்துவர்கள் ஒரு பிரிவினர் ஏற்கும் முறையில் செய்திருந்தால் அது கவனக்குறைவு ஆகாது. 2005-இல் ஜேக்கப் மாத்யூ தீர்ப்பில் நம் உச்ச நீதிமன்றமும் அதை எடுத்துக்கொண்டது. குற்ற வழக்கானால் போலீஸ் முதலில் சார்பில்லாத மருத்துவர் ஒருவரின், முடிந்தால் அரசு மருத்துவரின், கருத்தைப் பெற வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. டாக்டர்களைக் கைது செய்து தெருவில் இழுத்துச் செல்லும் வழக்கத்துக்குக் கடிவாளம் போட்டது அது. அதில் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை.

ஆனால் நுகர்வோர் வழக்குகளிலும் எடுத்தவுடன் நிபுணர் கருத்து கட்டாயம் என்று 2009-இல் ஒரு தீர்ப்பு வந்தது. எளியவர்களுக்கு அது கதவை அடைத்தது போலாயிற்று. அடுத்த ஆண்டே, 2010 மார்ச்சில், ஹைதராபாத் வழக்கொன்றில் வேறு அமர்வு அதைத் திருத்தியது. மலேரியாவுக்கு டைபாய்டு மருந்து கொடுத்த வழக்கு அது. தவறு தானே பேசும் இடத்தில் நிபுணர் வேண்டியதில்லை, சிக்கலான வழக்குக்கு மட்டும் போதும் என்றார்கள். என் கணிப்பில் இது சரியான தீர்ப்பு. ஆனால் இதய வழக்கு பெரும்பாலும் சிக்கலானதுதான், அதனால் நமக்கு நிபுணர் இல்லாமல் முடியாது.

அந்த நிபுணர் எப்படி எழுத வேண்டும் என்பதற்கு 2009 செப்டம்பரில் வந்த ரீஜென்சி மருத்துவமனைத் தீர்ப்பைப் படிக்கச் சொல்வேன். நிபுணர் முடிவை மட்டும் வைத்தால் போதாது, எந்தத் தரவிலிருந்து எந்த வழியில் அந்த முடிவுக்கு வந்தார் என்பதை நீதிபதி தானே சரிபார்க்கும்படி வைக்க வேண்டும் என்கிறது. அந்த வழக்கில் நிபுணருக்கு ஆவணங்கள் முழுமையாகப் போகவே இல்லை. பாதிக் காகிதத்தைப் பார்த்து எழுதிய முழு அறிக்கை! வழக்கைத் திருப்பி அனுப்பினார்கள்.

பெரிய அமைப்பின் முத்திரை இருந்தாலும் கடைசிச் சொல் நீதிமன்றத்துடையதே. போபாலில் டெங்கு காய்ச்சலுக்குச் சேர்க்கப்பட்ட பெண் ஒருவர் இதயம் நின்று இறந்தார். சிகிச்சை விதிப்படியே நடந்தது என்று மருத்துவக் கவுன்சிலின் நெறிமுறைக் குழு சொல்லியிருந்தது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதோடு நிற்கவில்லை. நோயாளியைத் தொடர்ந்து கண்காணித்தார்களா என்று தாள்களைத் தானே பார்த்து, இழப்பீட்டை 15 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்தது.

நம் ஊரோடு தொடர்புள்ள வழக்கு ஒன்றும் உண்டு. 1990-இல் ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் பொறியியல் மாணவர் ஒருவருக்கு நெஞ்சுக்குள் இருந்த கட்டியை இதய நெஞ்சக அறுவை மருத்துவர் எடுத்தார். கட்டி முதுகுத் தண்டை ஒட்டி இருந்தது. நரம்பியல் அறுவை மருத்துவரை உடன் வைத்துக்கொள்ளவில்லை. மாணவருக்கு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. பிறகு அவர் பெங்களூரில் மென்பொருள் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே, சக்கர நாற்காலியில் வந்து தன் வழக்கைத் தானே வாதாடினார். 2009 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அறுவையின் கைத்திறன் பற்றிய கேள்வி அங்கே முக்கியமாகவே இல்லை. அதற்கு முன்பு எந்தப் பரிசோதனை செய்திருக்க வேண்டும், யார் கூட இருந்திருக்க வேண்டும், எதற்குச் சம்மதம் வாங்கினார்கள் என்பவையே வழக்கைத் தீர்த்தன.

இத்தனைக்குப் பிறகும் எங்கள் ஆட்கள் இன்னொரு டாக்டருக்கு எதிராக எழுதத் தயங்குகிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். சங்கத்தில் முகம் பார்க்க வேண்டும், நோயாளி அனுப்புகிறவரைப் பகைத்துக்கொள்ள முடியாது. மறுபக்கம், காசு கொடுத்தால் எந்தப் பக்கத்துக்கும் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1999 முதல் சிவில் வழக்கு விதிகளிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்: நிபுணரின் முதல் கடமை நீதிமன்றத்துக்கு, பணம் கொடுப்பவருக்கான கடமை அதற்குப் பிறகுதான். நம் சட்டத்தில் 1872-இன் சாட்சியச் சட்டம் 45-ஆம் பிரிவு போய், 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தின் 39-ஆம் பிரிவு வந்திருக்கிறது. ஆனால் நிபுணரின் கடமை பற்றி அதில் ஒரு சொல்லும் சேரவில்லை. ஜெயதேவா போன்ற அரசு இதய நிறுவனம் இருக்கும் இந்த நகரத்தில், ஓய்வு பெற்ற இதய மருத்துவர்களைப் பட்டியலிட்டு, நியாயமான கட்டணம் வைத்து, அறிக்கைக்குக் காலக்கெடு போட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குக் கொடுப்பது அரசுக்கு முடியாத காரியமா?

அதுவரைக்கும் நம் கையில் இருப்பதைச் செய்வோம். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறி விதிகளின்படி, எழுத்தில் கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். மூன்று ஆண்டுகள் அவற்றைப் பாதுகாக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியோடு திருப்தி அடையாமல் முழுக் கேஸ் ஷீட்டையும் நர்ஸ் குறிப்புகளையும் கேளுங்கள். ஆஞ்சியோ செய்திருந்தால் சிடியையும் வாங்குங்கள். ஈசிஜி எடுப்பது வெப்பத்தாளில். சில வருடங்களில் மங்கி வெள்ளைத் தாளாகிவிடும், வழக்கு விசாரணைக்கு வரும்போது அதில் ஒன்றும் இருக்காது. வாங்கிய அன்றே நகல் எடுத்து, போனிலும் படம் பிடித்து வையுங்கள். வழக்குப் போடும் எண்ணம் சிறிதாவது இருந்தால் பிணப் பரிசோதனை வேண்டாம் என்று கையெழுத்துப் போடாதீர்கள். மரணச் சான்றில் 'இதயமும் மூச்சும் நின்றன' என்று மட்டும் எழுதியிருந்தால் அது காரணம் ஆகாது, யார் இறந்தாலும் இரண்டும் நிற்கத்தான் செய்யும். எதனால் நின்றன என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு ஆண்டுகள்தான் அவகாசம். ஆஸ்பத்திரிக்குக் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் எதுவும் இல்லை. 2019-இன் புதிய சட்டப்படி ஆஸ்பத்திரி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம். யார் வீட்டிலாவது அப்படியொரு ஃபைல் பாதியில் நின்றிருந்தால், கேஸ் ஷீட் நகல் கேட்டு இந்த வாரமே ஒரு கடிதம் எழுதி, கொடுத்ததற்கு முத்திரை வாங்கி வையுங்கள்.